பல்கலைக்கழகச் செயலியும் பாயிர மரபும்

நூல் கற்கப் புகுவார்க்குப் பாயிரத்தை முன்னர் உணர்த்தல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண நூலோர் கொள்கை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணமாக நன்னூலார் வகுத்தார். ஒருவர் ஆக்கப் பலர் பயன்கொள்ளும் எதனையும் மதிப்பிடுதற்கு இவ்வினாக்கள் துணைபுரியும். இந்நாளில் பல்கலைக்கழகங்கள் தம் வளாகத்தார்க்கும் தம்மிடம் பயின்று சென்றார்க்கும் கைப்பேசிச் செயலிகள் அமைக்கின்றன. பெயர்ப்பட்டியலும் அறிவிப்பும் வழிகாட்டும் குறிப்பும் சேர்ந்த சொற்றொகுதியே செயலி. ஆதலின் அதுவும் திறனாய்வுக்கு உரியதே. இத்துறையில் முன்னோடியாக அமைந்த இரண்டனை ஆக்கியோன், எல்லை, கேட்போர், பயன் என்னும் நான்கு வினாக்களால் ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது ஆக்கியோன். ஐபோனுக்குரிய செயலி அங்காடி 2008 சூலைத் திங்களில் திறக்கப்பெற்றது. அவ்வாண்டின் இலையுதிர் பருவத்திலேயே அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 'ஐஸ்டான்ஃபோர்டு' என்னும் செயலி வெளிவந்தது. அங்குப் பயின்ற கேவான் பேக்பூர், ஜோசப் பெர்ன்ஸ்டீன் முதலியோர் நடத்திய 'டெரிப்ளிகிளெவர்' என்னும் சிறு நிறுவனம் அதனை இயற்றியது. வளாகத்தின் நிலப்படம், பாடங்களின் பட்டியல், ஆட்பெயர் ஏடு, விளையாட்டுச் செய்தி ஆகியன அதன்கண் இடம்பெற்றன. எந்தக் கட்டடம் எங்குள்ளது, எந்தப் பாடம் எப்பொழுது நடைபெறும் எனத் தாமே தேடி அலைந்தவர் தேர்ந்த பொருள்கள் இவை. ஆக்கியோனும் கேட்போனும் ஒருவனாக அமைந்தமையே இதன் சிறப்பு எனலாம். 2009 சூலையில் 'பிளாக்போர்டு' நிறுவனம் அச்சிறு நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. அதன்பின் அவ்வமைப்புப் பல பல்கலைக்கழகங்கட்கும் உரிய பொதுச் சரக்காயிற்று. செயலி இயற்ற வல்லாரைத் தம்மிடம் பெறாத கல்வி நிலையங்கட்கு இதனால் நன்மை உண்டு. எனினும், ஒரு வளாகத்தின் தேவையினின்று பிறந்த வடிவம் பிற வளாகங்கட்கு முன்னரே வார்த்து வைத்த அச்சாகிவிடுதலையும் மறுத்தற்கில்லை.

இரண்டாவது எல்லை. ஐஸ்டான்ஃபோர்டு தோன்றிய பொழுது, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் கருவியை உடையார்க்கே அது பயன்பட்டது. அதே 2008-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழியை மேற்கொண்டது. அது கைப்பேசிக்குரிய இணையத்தளமாகத் தன் பணியை அமைத்தது. வந்து வினவும் கருவி எவ்வகையது என அத்தளமே அறிந்து, உயர்ந்த கைப்பேசிக்கு விரிந்த வடிவும் எளிய கைப்பேசிக்குச் சுருங்கிய வடிவும் தந்தது. ஆட்பெயர் ஏடு, நிலப்படம், வளாகப் பேருந்தின் வருகை, நெருக்கடி காலக் குறிப்பு ஆகியவற்றோடு, தடைபட்டு நிற்கும் வளாகப் பணிகள் யாவை என்பதனையும் அது அறிவித்தது. தன் குறைகளைத் தானே அறிவிக்கும் அப்பகுதி பாராட்டத்தக்கது. அதன் நிரல் பிறரும் எடுத்தாளுமாறு வெளியிடப்பட்டது. இவ்விரண்டனுள் முன்னது அழகாலும் விரைவாலும் சிறந்தது. பின்னது எல்லையின் விரிவால் சிறந்தது. குழுவினர் அனைவர்க்கும் உரியது எனப் பெயர்பெறும் ஒன்று எவரையும் புறத்தே நிறுத்தலாகாது. ஆதலின், எல்லை பற்றிய வினாவில் பின்னதையே உயர்ந்ததாகக் கொள்ளுதல் பொருந்தும்.

மூன்றாவது கேட்போர். இங்கேதான் இவ்வகைச் செயலிகளின் பெருங்குறை புலனாகின்றது. பல பல்கலைக்கழகங்களில், பட்டம் பெற்றபின் மாணவன் வளாகக் கணக்கினை இழக்கின்றான். அவனுக்கென வேறொரு செயலி வைக்கப்படுகின்றது. முன்னதில் வகுப்பும் நூலகமும் பேருந்தும் உள. பின்னதில் விழா அழைப்பும் நன்கொடை வேண்டுகோளும் மிகுந்து காணப்படுகின்றன. இப்பிரிவினை சொல்லிலேயே தொடங்குகின்றது. பயின்று சென்றாரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'அலம்னை' என்னும் இலத்தீன் சொல், ஊட்டி வளர்க்கப்பட்டோர் என்னும் பொருளது. ஊட்டும் தாயைக் கூறும் 'அல்மா மேட்டர்' என்னும் தொடரோடு இயைந்து அது உறவைக் குறிக்கின்றது. 'முன்னாள் மாணவர்' என நாம் இன்று வழங்கும் தொடரோ காலத்தைக் குறித்து உறவை விட்டுவிடுகின்றது. நம் உரைமரபில் இதனினும் ஏற்ற சொல் உண்டு. தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் எனக் கூறுவது அம்மரபு. ஒரு சாலையிற் பயின்றமை ஒருகாலும் முன்னாளையதாகி ஒழிவதன்று. தன்னொடு கற்றோனும் பாயிரம் செய்தற்கு உரியன் என நன்னூலார் கூறுதலும் அவ்வுறவு கல்விக்காலத்திற்குப் பின்னும் தொடர்தலைக் காட்டும்.

இவ்வுறவினைப் பேணுங்கால் ஒருவர் விருப்பத்தையும் மதித்தல் வேண்டும். அமெரிக்க நாட்டின் 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டம், மாணவரின் பெயர், முகவரி முதலியவற்றை வெளியிடுமுன் அறிவித்து, மறுக்கும் உரிமையும் தரல் வேண்டும் என்கின்றது. பயின்று சென்றார்க்கு மீண்டும் அவ்வறிவிப்புத் தர வேண்டுவதில்லை. ஆயினும், மாணவனாக இருந்தபொழுது ஒருவன் தந்த மறுப்பினை அவன் சென்றபின்னும் பல்கலைக்கழகம் போற்றுதல் வேண்டும் என 2008-இல் திருத்திய விதி தெளிவுறுத்துகின்றது. ஒருவனது மறுப்பு வாயில் கடந்தும் நிலைக்குமாயின், அவனது உறவும் வாயில் கடந்து நிலைத்தல் வேண்டும் அன்றோ?

நான்காவது பயன். ஆசிரியன் கூறியதனை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கற்கூற்றின் காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும் பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூல் கணக்கிடும். இக்கணக்கின்படி நோக்கின், வகுப்பு அட்டவணையைக் காட்டும் செயலி முதற் காற்பங்குக்கே துணையாகும். உடன் பயில்வாரை அறிவிக்கும் பெயரேடு இரண்டாவதற்கு உதவும். அரைப்பங்கு பயின்று சென்றார் கையில் உள்ளது. அவர்தம் தொழிலறிவை இன்று பயில்வார்க்கு உரைக்க வழிசெய்யாத செயலி, கல்வியின் பாதியை ஒழித்ததாகும். நன்கொடையும் வேண்டுவதே, ஆயினும் அது உறவின் விளைவாதல் வேண்டும். வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவர் 1821-இல் மாணவர் சிலரொடும் விலகி ஆம்ஹர்ஸ்ட் சென்றபொழுது, அக்கல்லூரி நிலைக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. அப்பொழுது அதன்கண் பயின்றோர் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இன்று அமெரிக்காவின் மிகப் பழைய பயின்றோர் சங்கமாக மதிக்கப்படுகின்றது. கல்லூரியைக் காக்கும் கடமையே அதன் தோற்றத்திற்குக் காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தொலைவில் வாழ்வார்க்கு இன்றைய பேருந்தின் வருகை எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அவ்வினா ஏற்புடைத்தே. பயன் வேறுபடுமிடத்துப் பகுதிகள் வேறுபடலாம்; பெயரேடும் கற்றல் கற்பித்தற் பகுதியும் வேறுபடுதற்குக் காரணம் இல்லை. சேரும் நாளில் தொடங்கும் பெயர்க்குறிப்பு, உரியவர் இசைவோடு, பட்டம் பெற்ற பின்னும் அவ்வேட்டிலேயே தொடர்தல் வேண்டும். அவ்வாறு அமையும் செயலியே வளாகத்தார், பயின்றோர் என்னும் இருசாராரையும் ஒருசாலை மாணாக்கர் ஆக்கும் என்பது இவ்வாய்வின் முடிபு.