ஒரே வாத்தியக் குழு, மூன்று பெயர்கள்

1986இல் ரன்-டி.எம்.சி.யும் ஏரோஸ்மித்தும் சேர்ந்து தந்த ‘வாக் திஸ் வே’ வீடியோவில் ஒரு சுவர் உடைகிறது. கறுப்பர் இசையும் வெள்ளையர் ராக்கும் கைகோத்த கதையை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஓராண்டு பின்னே போய், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ‘ஃப்ரீக்கி ஸ்டைலி’யை ஜார்ஜ் கிளிண்டன் தயாரித்ததைச் சொல்வார்கள். கிளிண்டனின் பார்லிமென்ட் குழுவின் ‘ரீனியம்’ (1990) தொகுப்பு வந்த பிறகும் இப்படி எழுதுவதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மெம்ஃபிஸில் புக்கர் டி.யும் ஸ்டீவ் க்ராப்பரும் 1962இலேயே ஒரே குழுவில் வாசித்தார்கள். ஸ்லை ஸ்டோனின் டிரம்மர் வெள்ளையர். ஹெண்ட்ரிக்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. நான் வர நினைப்பது 1970இன் டெட்ராய்ட்டுக்கு.

பெயர் யாருக்கு என்ற தகராறில் ‘பார்லிமென்ட்ஸ்’ என்ற குழுப் பெயர் கையைவிட்டுப் போனதால், கிளிண்டனின் ஆட்கள் ‘ஃபங்கடெலிக்’ ஆகி வெஸ்ட்பவுண்ட் கம்பெனியில் பதிவுசெய்தார்கள். பெயர் திரும்பக் கிடைத்ததும் அதே ஆட்கள் ‘பார்லிமென்ட்’ ஆகி இன்விக்டஸுக்குப் போனார்கள். மோட்டவுனைவிட்டு வெளியேறிய ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் மூவரும் தொடங்கிய கம்பெனி அது. அங்கே இருந்தார் ரூத் கோப்லண்ட், வட இங்கிலாந்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பாடகி. பார்லிமென்ட்டின் முதல் ஆல்பமான ‘ஆஸ்மிய’த்தைக் கிளிண்டனோடு சேர்ந்து தயாரித்தவர் இவர். ‘ரீனியம்’ என்பது அந்த ஆல்பத்தோடு அக்காலச் சிங்கிள்களையும் சேர்த்த தொகுப்பு. (தனிம அட்டவணையில் ரீனியம் 75, ஆஸ்மியம் 76, பெயர் வைத்தவருக்கு வேதியியலில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.)

கிளிண்டன் பக்தர்கள் இதில் இரண்டு பாடல்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒன்று, கோப்லண்டும் சேர்ந்து எழுதிய ‘லிட்டில் ஓல் கன்ட்ரி பாய்’. பெடல் ஸ்டீல் கிதாரும் யோடல் குரலுமாக அசல் நாட்டுப்புற வேடிக்கை. மற்றது, கோப்லண்ட் எழுதிய ‘தி சைலன்ட் போட்மேன்’: சாவின் கரையில் எல்லோரும் சமம் என்னும் தேவாலயச் சாயல், கூடவே பேக்பைப். ‘விநோதங்கள்’ என்று விமர்சகர்கள் இவற்றை ஓரம்கட்டினார்கள். டி லா சோல் ஹிப்-ஹாப் குழுவுக்கு அந்தக் கண்ணோட்டம் இல்லை. 1988இல் அந்த யோடலையே எடுத்துத் தங்கள் பாட்டில் பதித்துக்கொண்டது.

‘போட்மேன்’ கோப்லண்டின் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ (1970) ஆல்பத்திலும் உண்டு. அந்த ஆல்பம் ஏறுமாறானது. புச்சினியின் ஆப்பராப் பாட்டோடு முடிப்பதற்கு அசட்டுத் துணிச்சல் வேண்டும். ஆனால் ‘ஐ ஆம் வாட் ஐ ஆம்’ (1971) வேறு ரகம். ஃபங்கடெலிக்கின் எடி ஹேசல் வாசித்த கிதாரும் பெர்னி வொரெல் வாசித்த ஆர்கனும் சூழ, ரோலிங் ஸ்டோன்ஸின் ‘கிம்மி ஷெல்ட்டர்’, ‘ப்ளே வித் ஃபயர்’ இரண்டையும் எடுத்து அவர் பாடியிருப்பதைக் கேளுங்கள். கறுப்பரின் ப்ளூஸைக் கற்று இங்கிலாந்துப் பையன்கள் எழுதிய பாட்டை, இங்கிலாந்துப் பெண்ணொருத்தி டெட்ராய்ட்டின் கறுப்பு வாத்தியக்காரர்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறாள். ஃபங்கடெலிக்கின் ‘மேகட் பிரெய்ன்’ வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ஹேசலின் அந்தப் பத்து நிமிட அழுகையைக் கொண்டாடுகிறவர்கள், அதே விரல்கள் ஒரு பாடகிக்குப் பின்னால் அடங்கியும் சீறியும் வாசித்ததைக் கேட்க மறுப்பது எனக்குப் புரியவில்லை.

தவறு தொகுப்பாளர்களுடையது. ‘ரீனிய’மும், 1995இல் வந்த ‘ஃபர்ஸ்ட் தாங்ஸ்’ தொகுப்பும் அட்டைப் பெயரை நம்பிப் பாட்டைப் பொறுக்கின. பார்லிமென்ட் ஓர் அலமாரிக்கும் கோப்லண்ட் இன்னோர் அலமாரிக்கும் போனார்கள். அடுத்த தொகுப்பைக் கொண்டுவருபவர் பதிவறையை அடிப்படையாக வைக்கட்டும்: 1970, 71இல் இந்த வாத்தியக் குழு இன்விக்டஸுக்காக வாசித்தவை எல்லாம், யார் பாடியிருந்தாலும் சரி, பதிவான வரிசையில். இரண்டு ‘போட்மேன்’களும் அடுத்தடுத்து வரட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே வாசித்தவர் பெயர் இருக்கட்டும்.