சோடியத்தின் மஞ்சள் ஒளி: அளவையும் கணக்கும்

எலக்ட்ரான் மோதினால் உலோக அணு கிளர்வுற்று ஒளிவிடும் என்பது பள்ளிப் பாடம். அந்தக் கிளர்வு நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்று எண்ணால் சொல்வதில்தான் நூறாண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது. அந்த எண்ணுக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். பாதரச விளக்கும், தாமிர ஆவி லேசரும், விண்மீன்களின் சோடியக் கோடுகளைக் கொண்டு செய்யும் கணிப்பும் அதை நம்பியே இருக்கின்றன.

1914இல் பெர்லினில் ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவியில் 4.9 எலக்ட்ரான் வோல்ட் என்ற படியைக் கண்டார்கள். அதை அயனியாக்க ஆற்றல் என்றே முதலில் கருதினார்கள். கிளர்வு ஆற்றல் என்பது பிறகு தெளிவாயிற்று. 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளி அதற்குச் சாட்சி.

கணக்கின் பக்கம் பார்ன் 1926இல் அடித்தளமிட்டார். வேகமான எலக்ட்ரானுக்கு எளிய வழியை 1930இல் பெத்தே தந்தார். மெதுவான எலக்ட்ரானோ அணுவின் எலக்ட்ரான் மேகத்தைக் கலைக்கிறது, அணுவின் எலக்ட்ரானோடு இடம் மாறவும் செய்கிறது. அதைக் கணக்கில் கொள்ள எழுந்ததே நெருங்கு இணைப்பு முறை. மாஸி என்ற இயற்பியலாளரின் வழியில் வளர்ந்த பிரிட்டிஷ் மரபில் 1971இல் பர்க்கும் கூட்டாளிகளும் அதைச் செய்ய உதவும் ஆர்-அணி முறையை அணுக்களுக்குக் கொண்டுவந்தார்கள். 1992இல் ஆஸ்திரேலியாவில் பிரேயும் ஸ்டெல்போவிக்ஸும், கணக்கில் சேர்க்கும் நிலைகளைப் பெருக்கிக்கொண்டே போய் விடை நிலைபெறுகிறதா என்று பார்க்கும் முறையைத் தந்தார்கள். கனமான அணுக்களுக்கு, அணுவின் புலத்தில் எலக்ட்ரானின் அலை திரிவதைக் கொண்டு செய்யும் திரிபலைக் கணக்கைச் சார்பியலோடு சேர்த்துச் செய்வார்கள். ரூர்க்கி ஐஐடியில் ராஜேஷ் ஸ்ரீவாஸ்தவா கனடாவின் ஸ்டாஃபருடன் இதில் செய்த பணி பெரிது.

சோதனையின் பக்கம் உக்ரைனின் உஷ்ஹொரோத், கொலராடோவின் போல்டர், செர்பியாவின் பெல்கிரேடு எனப் பல பட்டறைகள். 1972இல் போல்டரில் எனிமார்க்கும் காலகரும் சோடியத்தின் மஞ்சள் ஒளியான டி கோடுகளை, கிளர்வு தொடங்கும் ஆற்றலிலிருந்து 1000 எலக்ட்ரான் வோல்ட் வரை அளந்தார்கள். இவ்வகைச் சோதனையில் வெற்றிடக் கலத்துக்குள் சோடியத்தை அடுப்பில் சூடாக்கி மெல்லிய அணுக்கற்றையாக விடுவார்கள். அதற்குக் குறுக்கே எலக்ட்ரான் கற்றை பாயும். சந்திப்பில் எழும் மஞ்சள் ஒளியைக் கருவி எண்ணும். அணுக்கள் அடர்ந்துவிட்டால் ஓர் அணு விட்ட ஒளியை அடுத்த அணு விழுங்கித் திரும்ப உமிழும், ஒளியின் முனைவாக்கமும் கெடும். மேல்நிலைகளிலிருந்து படிப்படியாக இறங்கி வரும் அணுக்களும் அதே மஞ்சளைத்தான் விடுகின்றன. இவற்றையெல்லாம் பிரித்தெடுத்தால்தான் எண் சுத்தமாகும்.

இப்படிக் கிடைப்பது பெரும்பாலும், எலக்ட்ரானின் ஆற்றலுக்கேற்பக் குறுக்குவெட்டுப் பரப்பு மாறுவதைக் காட்டும் வளைவின் வடிவம் மட்டுமே. அதன் உயரத்தை நிர்ணயிக்க, அதிவேகப் பகுதியில் பார்ன்–பெத்தே கணக்கோடு பொருத்திவிடுவது வழக்கம். வழக்கம் நியாயமானதே. ஆனால் அப்படிப் பொருத்திய தரவைக் காட்டி, அதே பகுதியில் கணக்கும் சோதனையும் ஒத்துப்போகின்றன என்று எழுதுவது நியாயமில்லை. தராசை எதை வைத்துச் சரிபார்த்தோமோ அதையே அதில் எடைபோட்டு வியப்பதைப் போன்றது அது.

உண்மையான உரைகல் வேறு வகையானது. ஜெர்மனியில் ஹெர்ட்டலும் ஷ்டோலும் லேசரால் சோடியத்தை முன்கூட்டியே கிளர்வித்து, மோதிய எலக்ட்ரான் 2.1 எலக்ட்ரான் வோல்ட் ஆதாயத்தோடு வெளியேறுவதை அளந்தார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் மெக்லெலண்ட், கெல்லி, செலோட்டா மூவரும் தற்சுழற்சி ஒழுங்குபடுத்திய எலக்ட்ரானைத் தற்சுழற்சி ஒழுங்குபடுத்திய சோடியத்தின் மீது செலுத்தினார்கள். அவர்கள் அளந்தவை விகிதங்கள். விகிதத்துக்கு உயரத்தை நிர்ணயிக்கும் வேலையே இல்லை, எனவே கணக்கின் கைத்தாங்கலும் தேவையில்லை. பிரேயின் சோடியக் கணக்கு அந்தத் தற்சுழற்சி அளவுகளோடு மிக நன்றாகப் பொருந்தியது. இத்துறையின் மிகப் பெரிய வெற்றி என்று இதைத்தான் சொல்வேன்.

காரீயம், துத்தநாகம், வெள்ளி போன்றவற்றில் சோடியத்தின் அளவுக்கு இன்னும் தெளிவு வரவில்லை. இத்துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், அதன் உயரம் எதைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது, மேலிருந்து இறங்கிய அணுக்கள் கழிக்கப்பட்டனவா, பிழை எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.