நாற்பது நாள்கள்: மஅபர் குதிரை வாணிபத்தின் மறுவாசிப்பு

காயல் துறையின் குதிரை வாணிபம் நம் சமூக வரலாற்று நூல்களில் பெருமிதத்தோடு பேசப்படும் அத்தியாயமாகும். கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்பியதும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் பேசப்பட்டதும், அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக விளங்கியதும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்திகள். நம் எழுத்தாளர்கள் இவற்றைத் தவறாமல் எடுத்தாளுகின்றனர். அதே பகுதியில் அக்குதிரைகள் அடைந்த கதியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை மட்டும் ஏனோ விட்டுவிடுகின்றனர்.

வந்திறங்கிய குதிரைக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டப்பட்டன. கொழுக்கட்டும் என்று 40 நாள்கள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைத்தனர்; பின்னர் யாதொரு பயிற்சியுமின்றி வீரர்கள் ஏறி விரட்டினர். விரைவிலேயே அவை தளர்ந்து பயனற்றுப் போயின. இந்தியரைப் பற்றி வஸ்ஸாஃபுக்கு இருந்த ஏளனத்தைக் கழித்துவிட்டே இதைப் படிக்க வேண்டும். ஆயினும் 2,000க்கு மேல் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் 100 கூட எஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோவும் எழுதுகிறார்.

அந்த 40 நாள் கணக்கு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. அரபு அகராதிகள் 'தள்மீர்' என்னும் பழக்குமுறைக்கும் 40 நாள்களையே குறிக்கின்றன. குதிரையை முதலில் நன்றாக ஊட்டிக் கொழுக்கவைத்து, பிறகு தீனியை அளவோடு குறைத்து, போர்வையிட்டு வியர்க்கச்செய்து, சதையை இறுகவைக்கும் முறை அது. நபி (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. தள்மீர் செய்யப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை 5 அல்லது 6 மைல் ஓடின. செய்யப்படாதவைக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டுமே. பயிற்சி பெறாத உடலிடம் பயிற்சி பெற்றதன் உழைப்பைக் கேட்கலாகாது என்பதை இதனினும் தெளிவாகச் செயலில் காட்ட இயலாது.

இந்த அறிவு விற்றவர்களின் உலகுக்கு உரியது. இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றம், குதிரை மருத்துவம் பற்றிய தம் நூலைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே இயற்றிவிட்டார். குதிரைகள் மஅபருக்குக் கப்பலேறின, அறிவு ஏறவில்லை. விற்பனை குறைந்துவிடும் என்று அஞ்சி, லாடமும் மருத்துவமும் அறிந்தோர் அங்கே செல்வதை வணிகர்களே தடுத்ததாகப் போலோ கூறுகிறார். ஒரு பயணியின் சொல்லைக் கொண்டு மட்டும் தீர்ப்பெழுதுவது முறையன்று. ஆனால் வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை தந்தது என்று வஸ்ஸாஃப் சொல்லும்போது, குதிரையின் உயிரைப் பேணுவதில் விற்றவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்பது புலனாகிறது.

மேற்கண்ட ஹதீஸுக்கு விளக்கமெழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானி, பசிக்கவைத்தல், ஓடவைத்தல் போன்றவை தேவையின்போதே ஆகும் என்றும், தேவையற்றபோது அவையே வதையாகும் என்றும் கருதுகிறார். பாண்டியருக்குப் போர் என்னும் தேவை இருந்தது, அறியாமையும் இருந்தது. வணிகருக்கு இவ்விரண்டில் எதையும் நம்மால் சாட்டாகச் சொல்ல முடியவில்லை. குறையை மறைத்து விற்பதை ஃபிக்ஹ் நூல்கள் தடுக்கின்றன. குறையற்ற குதிரையை அதைப் பேணத் தெரியாதவரிடம் ஆண்டுதோறும் விற்றதை அந்த விதி தொடவில்லை. இக்கேள்வியை எழுப்பாத வரலாற்று நூலை, அது எத்தனை சான்றுகளை அடுக்கினாலும், நாம் பாதி நூலாகவே கொள்கிறோம்.