எட்டுப் பேருக்குப் பந்தி, கணக்கு மட்டும் இல்லை

சாளுவன்குப்பம் அதிரணசண்ட மண்டபக் கல்வெட்டுகளைப் படமெடுக்கப் போயிருந்தோம். என் லேப்டாப்பில் டாங்கிளைச் செருகி, ஹாட்ஸ்பாட் போட்டு, மூணு நண்பர்களுக்கும் கொடுத்தேன். அரை மணியில் டேட்டா காலி! அவங்க போன்கள் இதைச் சாதாரண வைஃபைன்னு நினைச்சு, எடுத்த படங்களை எல்லாம் கிளவுடில் ஏத்திட்டிருந்தன. ஒப்பிட வேண்டிய பழைய வாசிப்பின் பிடிஎஃப் இறங்கவே இல்லை. கவனிக்காதது எங்கள் தப்புதான்.

ஆனாலும் ஒரு குறை சொல்லணும். இணைப்பைப் பகிரும் வசதி 1999-இல், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. இன்று விண்டோஸ் ஹாட்ஸ்பாட் எட்டுக் கருவிகளுக்குப் பந்தி போடுகிறது. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டும். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்லாது.

அதுவரை ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' என்று மாத்திடுங்க. ஐபோனில் 'லோ டேட்டா மோட்' போடுங்க.