வேலியும் வாக்கும்: சிங்கப்பூர் அரசகுடியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தஞ்சோங் பகார் என்னும் மலாய்ப் பெயரை வேலிமுனை என்று தமிழாக்கலாம். தஞ்சோங் என்பது கடலுக்குள் நீண்டு நிற்கும் நிலம். பகார் என்பது வேலி. அவ்வேலி யாது என்பதில் இரு கருத்துகள் வழங்குகின்றன. கரையோரக் கடலில் மீன் பிடிப்பதற்காக மீனவர் நட்ட கழிகளின் வரிசையே அது என்பர் ஒரு சாரார். கரையைத் தாக்கிய தோடாக் மீன்களைத் தடுக்க வாழைத்தண்டுகளால் எழுப்பிய அரணே அது என்பர் மற்றொரு சாரார். முன்னது வரலாற்றுக்கு நெருங்கியதாக இருக்கலாம். பின்னது இலக்கியத்திற்கு உரியது. அம்முனையோ இன்று இல்லை. கடல் தூர்க்கப்பட்டு நிலமாயிற்று. பெயர் மட்டும் நின்றது.

வாழைவேலிக் கதை 'செஜாரா மெலாயு' என்னும் மலாய்ப் பேரிலக்கியத்தில் உள்ளது. கதையை இம்முனையோடு பிணைத்தது மக்கள் வழக்கு. ஜொகூர் அரசில் பெண்டஹாரா என்னும் முதலமைச்சர் பதவி வகித்த துன் ஸ்ரீ லானாங் 1612இல் இந்நூலைத் தொகுத்தார் என்பது மரபு. லெய்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, ராபிள்ஸின் முன்னுரையோடு 1821இல் வெளிவந்தது. 1840ஆம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரில் இதனை அச்சேற்றியவர், மலாக்காவில் பிறந்து இளமையில் தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா. 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இந்நூல் இடம்பெற்றது. இத்தனை சிறப்பிருந்தும், தமிழ் வாசகர் இதன் முதற்பகுதியைப் பெருமையோடு படித்துவிட்டு நின்றுவிடுவதே பெரும்பான்மை வழக்கம். அப்பெருமைக்குக் காரணம் சோழர் பெயர்.

சிங்கப்பூர் அரசகுடியின் மூதாதையாக நூல் காட்டும் ராஜா சூலன், சோழப் பேரரசின் மங்கிய நினைவு என்பது அறிஞர் பலர் கருத்து. 1025இல் இராசேந்திர சோழன் ஸ்ரீவிசயத்தின் மீது நடத்திய கடற்படையெடுப்பு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஊர்ப்பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளது. அந்நினைவு ஆறு நூற்றாண்டுகள் கடந்து மலாய் ஏட்டில் எவ்வுருவில் நிற்கிறது என்று பார்த்தல் வேண்டும். சீனத்தை வெல்லப் புறப்பட்ட ராஜா சூலன் தெமாசெக்கில் படையோடு தங்குகிறான். சீனப் பேரரசனோ ஒரு மரக்கலத்தில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்லுதிர்ந்த முதியோரையும் ஏற்றி அனுப்புகிறான். புறப்பட்டபோது இளைஞராய் இருந்தோம், இரும்புத் தண்டுகளாய்க் கொண்டுவந்தவை ஊசிகளாய்த் தேய்ந்தன என்று அம்முதியோர் கூற, சீனம் அத்தனைத் தொலைவோ என்று நம்பிச் சூலன் திரும்பிவிடுகிறான். பின்னர்க் கண்ணாடிப் பேழையுள் அமர்ந்து கடலுக்கடியில் இறங்கிக் கடலரசன் மகளை மணக்கிறான். அவ்வழித்தோன்றல்கள் பலெம்பாங்கின் சிகுந்தாங் குன்றில் தோன்ற, இரு கைம்பெண்களின் நெல் பொன்னாக விளைகிறது. வாளுக்கு வெல்ல இயலாதவனை ஊசி வென்றது என்னும் நகைச்சுவையைக் காணாமல், சோழன் பெயரைக் கண்டமட்டில் மகிழ்வது நூலை அரைகுறையாகப் படித்தலேயாகும்.

நூலின் உயிர்நிலை இதற்கு அடுத்த பகுதியில் உள்ளது. பலெம்பாங்கின் தலைவராகிய தெமாங் லேபார் டாவுனின் மகளை, குன்றில் தோன்றிய அரசன் மணம் வேண்டுகிறான். அவனுக்கு முன்னர் மனைவியராக அளிக்கப்பட்ட பெண்கள் தோல்நோய்க்கு ஆளாயினர் என்பதை அறிந்த தந்தை, மகளைக் கொடுக்குமுன் ஓர் உடன்படிக்கை கேட்கிறார். குடிமக்கள் எத்துணைப் பெருங்குற்றம் செய்யினும் அவர்களை இழிவுபடுத்தலும் கொடுஞ்சொல்லால் வைதலும் கூடாது. குற்றம் பெரிதாயின் முறைப்படி கொல்லலாம், மானத்தைக் கெடுத்தல் ஆகாது என்பது அது. அரசன் இசைகிறான். தன் வழிவந்தோர் கொடியராயினும் குடிகள் இரண்டகம் செய்யலாகாது என்று தன் பங்கிற்குக் கேட்கிறான். தெமாங் அதற்கும் இசைந்து, நும் வழியினர் வாக்கு மாறினால் எம் வழியினரும் மாறுவர் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார். குடிமகன் ஒருவனையேனும் அரசன் மானங்கெடுப்பானாயின் அந்நாடு அழிவதற்கு அதுவே அடையாளம் என்று நூலாசிரியர் தம் கூற்றாகவும் உரைக்கிறார். சுவடிக்குச் சுவடி இவ்வுடன்படிக்கை செய்த அரசனின் பெயர் மாறுகிறது. சிலவற்றில் சாங் நீல உத்தமா, சிலவற்றில் அவன் தந்தை சாங் சபுர்பா. உடன்படிக்கை மாறவில்லை.

ஒரு தந்தை தம் மகளின் பொருட்டுக் கேட்ட வாக்கில் இவ்வரசகுடி தொடங்குகிறது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

சாங் நீல உத்தமா கடல் கடந்து தெமாசெக் வந்த வரலாறு பள்ளிச் சிறார்க்கும் தெரிந்ததே. புயலில் கலம் மூழ்கும் நிலையில் தன் மணிமுடியையே கடலில் எறிந்தான். கரையேறி அரிமா எனக் கருதிய விலங்கைக் கண்டான். ஊருக்குச் சிங்கபுரம் எனப் பெயரிட்டான். அவனுக்குப் பின் வந்த இரண்டாம், மூன்றாம் அரசர்களின் காலத்தை நூல் விழாக்கோலமாகவே சொல்லிச் செல்கிறது. இரண்டாம் அரசனுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நீல பஞ்சாதி என்னும் இளவரசி மணமகளாக வருகிறாள். அப்பகுதியில் முதலியார் எனும் பட்டம் தாங்கிய அரசர் பெயர்களும் காணப்படுகின்றன. பின்னர்ப் பாடாங் என்னும் வல்லவன், கலிங்கத்திலிருந்து வந்த மல்லனைத் தோற்கடித்துப் பெரும்பாறையை ஆற்றின் வாயிலில் எறிகிறான். இவை சுவையான கதைகள். ஆயினும் கதைப்போக்கை முன்னே நகர்த்துபவை அல்ல.

நான்காம் அரசனாகிய பாடுகா ஸ்ரீ மகாராஜா காலத்தில்தான் வீழ்ச்சி தொடங்குகிறது. நூலாசிரியர் அதனை மூன்று கொலைகளாக அமைத்துள்ளார். முதலாவது, பாசாய் நாட்டிலிருந்து வந்த துன் ஜானா கதீப் என்னும் சமய அறிஞர். அரண்மனைப் பலகணியில் அரசி நிற்க, அருகிருந்த கமுகு மரத்தை அவர் தம் பார்வையால் பிளந்தார் என்பதே குற்றம். அரசன் சினந்து கொல்வித்தான். கொல்லப்பட்டவர் அயலார், ஆகவே உடன்படிக்கை அவரைக் காக்கும் என்று வாதிடுவதற்கில்லை. ஆனால் அரசனின் சினம் நீதியை முந்திக்கொண்டது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

இரண்டாவது கொலை வேலியருகே நிகழ்ந்தது. தோடாக் மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து கரையில் நின்றோரைக் குத்திக் கொல்கின்றன. (ஆங்கிலத்தார் இதனை வாள்மீன் என்றனர். தமிழ் மீனவர் முரல் என்றழைக்கும் கூர்மூக்கு மீனினமே மலாயில் தோடாக் எனப்படுவது.) யானைமேல் வந்த அரசன், மக்களை வரிசையாக நிறுத்தி அவர்தம் கால்களையே வேலியாக அமைக்கக் கட்டளையிடுகிறான். மீன்கள் கால்களைத் துளைத்து ஊடுருவ, மக்கள் மடிகின்றனர். அப்போது ஒரு சிறுவன், மனிதக் கால்களால் ஏன் வேலி கட்டவேண்டும், வாழைத்தண்டு ஆகாதா என்கிறான். தண்டுகள் நடப்படுகின்றன. மீன்களின் மூக்குகள் அவற்றில் செருகி நிற்க, மக்கள் அவற்றை எளிதில் வெட்டி வீழ்த்துகின்றனர். அரண்மனை திரும்பும் அரசனிடம் பெரியோர் சிலர், இவ்வயதில் இவ்வறிவுடையவன் வளர்ந்தால் என்னாகும், இவனை இப்போதே தீர்த்துவிடுதல் நன்று என்கின்றனர். சிறுவன் கொல்லப்படுகிறான். அப்பழி சிங்கப்பூர் மேல் நின்றது என்று நூல் ஒரே வரியில் முடிக்கிறது.

இந்நிகழ்ச்சியின் ஆற்றல் அதன் சுருக்கத்தில் உள்ளது. சிறுவனின் பெயர் சொல்லப்படவில்லை. அவன் தாயின் புலம்பல் இல்லை. அரசன் தயங்கியதாகவும் குறிப்பில்லை. வேலி என்பது காப்பதற்கு உரியது. குடிகளுக்கு வேலியாக இருக்க வேண்டிய அரசன் குடிகளையே தனக்கு வேலியாக நட்டான். அதை மாற்றிக் காட்டிய சிறுவனைக் கொன்றான். பிற்கால மக்கள் வழக்கு இதனை இன்னும் நீட்டி, சிறுவனின் குருதியால் அவன் வாழ்ந்த குன்று சிவந்தது, அதுவே புக்கிட் மேரா என்று கூறும். குழந்தைகளுக்கு இக்கதை சொல்லப்படும்போது, அறிவுள்ள சிறுவன் ஊரைக் காத்தான் என்பதோடு நிறுத்திவிடுவதும் உண்டு. பிஞ்சு மனம் வருந்துமே என்னும் இரக்கம் புரிகிறது. ஆனால் அவ்வாறு நிறுத்தினால் எஞ்சுவது ஒரு மதிநுட்பக் கதை மட்டுமே. நூல் சொல்ல வந்த செய்தி வெட்டுண்டு போகிறது.

மூன்றாவது, ஐந்தாம் அரசனாகிய இஸ்கந்தர் ஷாவின் காலத்தது. அரண்மனைக் கருவூல அதிகாரி சாங் ராஜுனா தாபாவின் மகள் அரசனின் காமக்கிழத்தியருள் ஒருத்தி, பேரழகி. பொறாமை கொண்ட ஏனையோர் அவள் ஒழுக்கம் தவறினாள் என்று பொய்யுரைக்க, அரசன் ஆராயாமல் சந்தை முனையில் அவளைக் கழுவேற்றச் செய்கிறான். தந்தையின் கூற்று ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது. என் மகள் உண்மையிலேயே பிழை செய்திருப்பினும் கொல்வதோடு விட்டிருக்கலாமே, இவ்வாறு மானங்கெடுப்பது ஏன் என்கிறான். தெமாங் லேபார் டாவுன் வகுத்த நிபந்தனை, அவர் பெயர் சொல்லப்படாமலே, சொல்லுக்குச் சொல் இங்கு மீண்டு வருகிறது. மகளின் மானம் கருதிய ஒரு தந்தையின் சொல்லால் எழுந்த குடி, மகளின் மானம் இழந்த மற்றொரு தந்தையின் சொல்லால் விழுகிறது. கதைகளை அடுக்கிய தொகுப்பு என்று இந்நூலைக் கருதுவோர் இவ்வமைப்பைக் கவனித்திலர்.

அத்தந்தை மஜபாஹிட் அரசுக்கு ஓலை விடுக்கிறான். சாவகப்படை வந்தபோது, களஞ்சியத்தில் அரிசி இல்லை என்று அரசனிடம் பொய் கூறி, விடியலில் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். குருதி ஆறாய் ஓடியது. அதன் கறை சிங்கப்பூர் நிலத்தில் இன்றும் உள்ளது என்கிறது நூல்.

இதன் பின்னரே ஆசிரியரின் தடுமாற்றம் வெளிப்படுகிறது. தண்டனை யாருக்கு? சாங் ராஜுனா தாபாவின் அரிசி மண்ணாகிறது. அவனும் அவன் மனைவியும் அகழியில் இரு கற்களாகின்றனர். வாக்குத் தவறிய அரசனோ தப்பிச் சென்று, பல இடங்கள் கடந்து, மலாக்கா என்னும் பெருநகரைக் காண்கிறான். சிலப்பதிகாரத்தில் பொய்க் குற்றச்சாட்டை ஆராயாது கொலை செய்வித்த பாண்டியன், உண்மை தெரிந்த கணமே உயிர் துறக்கிறான். திருவாரூர்க் கதையில் சோழன், கன்றைக் கொன்ற தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். சிங்கப்பூர் அரசன் பிறன் மகனைக் கொன்றான், பிறன் மகளைக் கழுவேற்றினான்; அரியணை மட்டும் இடம் மாறியது. அறநோக்கில் தமிழ்க் கதைகள் உயர்ந்தவை என்று உடனே தீர்ப்புக் கூற மனம் விழையும். அத்தீர்ப்பு அவசரமானது. இளங்கோ, பாண்டியன் அவையிலிருந்து எழுதியவர் அல்லர். துன் ஸ்ரீ லானாங் அந்த அரசமரபின் அவையிலேயே முதலமைச்சராக இருந்தவர். தம் அரசரின் முன்னோரைக் கல்லாக்க அவரால் இயலாது. ஆகவே இரண்டகனைக் கல்லாக்கி அவைக்குரிய கடனைத் தீர்த்தார். அரசனின் பழியை மண்ணின் நிறத்தில் ஏற்றி உண்மையின் கடனைத் தீர்த்தார். கல்லான கதை படிப்போர் நெஞ்சில் நிற்பதில்லை, செம்மண் நிற்கிறது. எனினும் இரண்டையும் ஒருசேர வைத்ததால் கதையின் முடிவு தளர்ந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

வரலாறு இக்கதையை வேறுவிதமாகச் சொல்கிறது. 1349ஆம் ஆண்டின் சீனக் குறிப்பில் வாங் தாயுவான், சயாமியர் எழுபது கலங்களோடு வந்து தெமாசெக்கை ஒரு திங்கள் முற்றுகையிட்டதையும், ஊரார் வாயிலடைத்துத் தாங்கியதையும் கூறுகிறார். 1984 முதல் கென்னிங் கோட்டைக் குன்றில் நடந்த அகழாய்வுகள் அந்நூற்றாண்டின் குடியிருப்பை உறுதிசெய்தன. ஆக நாடு உண்மை. அரசகுடியோ ஐயத்திற்குரியது. மலாக்கா வீழ்ந்த சில ஆண்டுகளில் எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ், பலெம்பாங்கிலிருந்து வந்த பரமேசுவரன் சிங்கப்பூர்த் தலைவனைக் கொன்று ஊரைக் கைப்பற்றி, சில ஆண்டுகளில் துரத்தப்பட்டான் என்கிறார். அதுவே உண்மையாயின், ஐந்து தலைமுறை அரசர் வரிசை ஒரு கொலையை மூட விரித்த பட்டாடையாகும். விருந்தளித்த தலைவனின் கொலையை மறைக்க எழுந்த நூலில் அயலார், சிறுவன், பெண் என மூன்று கொலைகள் மறையாமல் நிற்பது வியப்பிற்குரியது.

நூலாசிரியரின் குடிவரலாறும் இதனோடு எண்ணத்தக்கது. நூலின் முன்னுரை அவர் மரபை, கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவில் குடியேறிய மணி புரிந்தான் வரை கொண்டு செல்கிறது. தமிழர் தேடிப் பெருமை கொள்ள விரும்பினால், ஊசிக்கு ஏமாந்த சூலனைவிட இவ்வாசிரியர் தக்கவர். தெமாங் சேர்த்த அந்த ஒற்றைச் சொல், அமைச்சர் குடியில் பிறந்தவர் கையால் ஏட்டில் ஏறியது. அவருக்குப் பின் 1699இல், மலாக்கா மரபின் கடைசி அரசனாகிய சுல்தான் மஹ்மூத் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டான். மனைவியைக் கொடுமையாய் இழந்த படைத்தலைவன் ஒருவனே கொன்றான் என்கிறது மரபு. அரியணை ஏறியவர் பெண்டஹாரா அப்துல் ஜலீல். அவர் வழியில் வந்த தெமெங்கோங் அப்துல் ரகுமான், 1819இல் சுல்தான் ஹுசேனோடு சேர்ந்து ராபிள்ஸிடம் உடன்படிக்கை செய்தார். பின்னர் அவர் குடியிருப்பு தஞ்சோங் பகாருக்கு மேற்கே தெலுக் பிளாங்காவிற்கு மாற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30 இரவு, 1932இல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையம் மூடப்பட்டபோது, கடைசி ரயிலை அங்கிருந்து ஓட்டிச் சென்றவர் அந்தத் தெமெங்கோங்கின் வழித்தோன்றலாகிய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்.