மாவும் மாகாணியும் கணினியில்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிறது மாகறல். இங்கே நிலத்துக்கு இன்று ஏக்கரும் சென்டும் பேசுகிறோம். நிலத்துக்கும் பயன்பட்ட தமிழின் பழைய பின்னக் கணக்கில் மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்த நான்கில் மாகாணியை மட்டுமே கணினியின் டபுள் எண் (பின்னங்களை இரும எண்ணில் வைக்கும் வழக்கமான வடிவம்) அப்படியே பிடித்துக்கொள்ளும். பகுதியில் 5 காரணியாக வந்துவிட்டால் இரும எண்ணில் அந்தப் பின்னம் முடிவதே இல்லை. 0.1-இன் நிலையும் அதுதான், 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது.

பட்டுப்புடவை பில்லில் ஜி.எஸ்.டி. இரண்டரை, இரண்டரை சதவீதமாகப் பிரியும். வரி 1.005 ரூபாய் என்று வந்தால் டபுளில் அது ஒரு துளி குறைவாகவே பதியும்; 1.01 ஆக வேண்டியது 1.00 ஆகிவிடும். இதைத் தவிர்க்கத்தான் ஜாவாவில் பிக்டெசிமலும் பைத்தானில் 2004-இல் வந்த டெசிமலும் ஆகிய பதின்ம எண் வகைகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஆப்ஜெக்டைக் கோப்பிலோ ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவிலோ எழுதி அனுப்பும்போது, அதாவது சீரியலைஸ் செய்யும்போது, காப்பாற்றிய துல்லியம் கைநழுவலாம். ஜேசனில் வெறும் எண்ணாக எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை டபுளாகவே வாசிக்கும்.

அதனால் பலர் எண்ணை ஸ்ட்ரிங்காக அனுப்புகிறார்கள். நல்ல வழக்கம்தான், பில்லுக்கு நானும் அதையே சொல்வேன். பின்னால் வரும் பூஜ்யங்கள்கூடத் தப்பிப் பிழைக்கும். அவை முக்கியம்: பிக்டெசிமலின் ஈக்வல்ஸ் ஒப்பீடு 2.0-ஐயும் 2.00-ஐயும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. குறை என்னவென்றால், அது எண் என்ற அடையாளம் போய்விடுகிறது. வாசிப்பவர் அதை மறுபடி டபுளாக்கினால் தடுக்க ஆளில்லை.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. அச்சிடும் வடிவத்தையே சேமிக்கும் வடிவமாக எடுத்துக்கொள்வது. ஸ்மால்டாக் மொழியின் ஒரு வடிவமான ஸ்க்வீக்கில் ஸ்கேல்டுடெசிமல் என்ற எண் வகை உள்ளே முழுப் பின்னத்தை வைத்திருக்கும். ஒரு தறிக் கூலியை மூவர் பிரித்தால் ஒருவர் பங்கு 1/3. இரண்டு தசம இலக்கம் வைத்தால் திரையில் தெரிவது 0.33. தெரிந்ததையே எழுதி வைத்தால் திரும்பி வருவது 33/100. ஸ்க்வீக் அப்படிச் செய்வதில்லை. அச்சிட்ட இலக்கங்களில் எண் முழுதும் அடங்காவிட்டால் தொகுதி, பகுதி, எத்தனை இலக்கம் என மூன்றையும் எழுதுகிறது. வேறு மொழிக்காரர் வாசிக்கச் சிரமம்தான். தஞ்சைக் கல்வெட்டுகளும் நிலத்தை அப்படித்தான் எழுதின: முந்திரிக்கும் கீழே போய், அலகின் பெயரோடு.