கிரேஞ்ச் ஒயின்: சுவைத்தலும் பரிமாறுதலும்

கிரேஞ்ச் என்பது தெற்கு ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் சிவப்பு ஒயின். பெரும்பகுதி ஷிராஸ் திராட்சை. பல ஆண்டுகளில் சிறிதளவு கேபர்நே சோவிஞோனும் சேரும். இன்று இதன் பெயர் விலையோடு சேர்த்தே பேசப்படுகிறது. அது இந்த ஒயினுக்குச் செய்யப்படும் அநீதி. இதன் சிறப்பு முதிர்ச்சியில் இருக்கிறது. இதன் வரலாறே அதற்குச் சான்று.

பென்ஃபோல்ட்ஸின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் மேக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஷெர்ரி தயாரிப்பைக் கற்க ஐரோப்பா சென்றார். அப்பயணத்திலேயே பிரான்சின் போர்தோவில் நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய ஒயின்களைச் சுவைத்தார். அவை இன்னும் உயிர்ப்போடு இருந்தது அவரை ஆட்கொண்டது. ஊர் திரும்பி, அவ்வாறு நீண்டு வாழும் ஒன்றை உருவாக்க முனைந்தார். போர்தோவின் கேபர்நே திராட்சை அங்கே அரிது. கைக்கு எட்டியது ஷிராஸ். பிரெஞ்சு ஓக்குக்குப் பதில் புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்கள். முதல் சோதனைத் தயாரிப்பு 1951இல் நடந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின் சிட்னியில் நிர்வாகத்தாரும் ஒயின் அறிந்தோரும் சுவைத்தபோது ஏளனமே கிடைத்தது. 1957இல் தயாரிப்பை நிறுத்த உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 அறுவடைகளில் மறைவாகத் தயாரித்து, அடிலெய்டை அடுத்த மகிலில் உள்ள நிலவறைகளில் ஒளித்து வைத்தார். புதிய பீப்பாய்க்குப் பணம் கேட்க வழியில்லாததால் அவை பழைய பீப்பாய்களிலேயே வளர்ந்தன. இதற்கிடையில் முந்தைய ஆண்டுகளின் புட்டிகள் முதிர்ந்தன. மீண்டும் சுவைத்த நிர்வாகம் 1960இல் தடையை நீக்கியது. ஏளனத்துக்குள்ளான அந்தக் காலத்து 1955ஆம் ஆண்டு ஒயின் பின்னாளில் தங்கப் பதக்கங்களைக் குவித்தது.

ஏளனம் செய்தவர்கள் சுவை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் நாவில் பட்டது உண்மைதான். இளம் கிரேஞ்சில் அறுசுவையுள் ஒன்றான துவர்ப்பு ஓங்கி நிற்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் மரத்திலும் இருந்து வரும் டானின் இதற்குக் காரணம். ஆண்டுகள் செல்ல அது ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படியும், துவர்ப்பு மென்மையாகும். கருநிறப் பழங்களின் மணம் பின்வாங்கி, தோல், உலர் அத்தி போன்ற மணங்கள் எழும். வளராத ஒன்றை வளர்ந்ததாக எண்ணி அளந்ததே அவர்கள் பிழை. இன்று வெளிவந்த உடனே திறந்து, மதிப்பெண் போட்டு, அலமாரிக்கு அழகாக வாங்கி வைப்பவர்களிடமும் அதே பிழை வேறு வடிவில் தொடர்கிறது.

இன்னொரு குறையும் சொல்லப்படுவதுண்டு. இது ஒரே தோட்டத்தின் ஒயின் அன்று. பரோசா உள்ளிட்ட பல பகுதிகளின் திராட்சை கலக்கிறது. மண்ணின் தனித்தன்மையைப் போற்றும் பிரெஞ்சு மரபுக்கு இது ஒவ்வாதது. ஆனால் கலப்பும் ஒரு கலைதான். ஒவ்வோர் ஆண்டும் சிறந்ததைத் தேடிச் சேர்ப்பதால்தான் இதன் குணம் மாறாமல் நிற்கிறது.

பரிமாறும் முறையும் வயதைப் பொறுத்ததே. முதிர்ந்த புட்டியை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் இறங்கும். தக்கை மக்கியிருக்கக்கூடும், பொறுமையாக எடுக்க வேண்டும். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் விளக்கொளி வைத்து, கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றி, கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ் போதும். வெப்ப நாடுகளில் அறை வெப்பம் இதைவிட மிகக் கூடுதல். அப்படியே ஊற்றினால் ஆல்ககால் நெடியே முந்தும். அகன்ற கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மணம் திரள இடம் வேண்டும். இளம் ஒயினுக்குச் சில மணி நேரக் காற்று நல்லது. மிகப் பழையதற்கு அதுவே பகை. ஊற்றியவுடன் பருகிவிட வேண்டும்.

பழையதெல்லாம் நல்லதும் அன்று. பென்ஃபோல்ட்ஸ் 1991 முதல் நடத்தும் ஒயின் சோதனை முகாம்களில் 15 ஆண்டுக்கு மேற்பட்ட புட்டிகளைத் திறந்து, சுவைத்து, புதுத் தக்கை இட்டுச் சான்று தருகிறார்கள். கெட்டுப்போனதற்குச் சான்று இல்லை.